பதிவேட்டில் ஒரு பெயர்: பிரித்தானியாவுக்குப் போன ஆப்பிரிக்கச் செவிலியர்

நோயாளியின் உடம்பைத் துடைப்பதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும், வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலச் செய்யப்படும் வேலைகளே என்றாலும், அவற்றைச் செய்யும் பெண்ணைச் செவிலியர் என்று அழைப்பதா, உதவியாள் என்று அழைப்பதா என்பதைச் சட்டப்படி அமைந்த ஒரு மன்றம் வைத்திருக்கும் பதிவேடுதான் முடிவுசெய்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறியவருக்கு ஒரு சம்பளம், ஒரு சீருடை, ஒரு மரியாதை; ஏறாதவருக்கு வேறு. ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து கடந்த 90 ஆண்டுகளாகப் பிரித்தானிய மருத்துவமனைகளுக்கு வேலைக்கும் பயிற்சிக்கும் போய்க்கொண்டிருக்கும் பெண்களின் வரலாற்றை நிறவெறியின் வரலாறாகவும், கூலி ஏற்றத்தாழ்வின் வரலாறாகவும் எழுதுவது வழக்கம்; இரண்டும் பொருந்துபவையே. எனினும் அவ்வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் அப்பெண்களின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது, கடலின் இந்தக் கரையில் செல்லும் சான்றிதழ்த் தாள் அந்தக் கரையில் செல்லாது என்ற எளிய உண்மைதான் என்பதைக் கவனித்தால், சிதறிக் கிடக்கும் பல செய்திகள் ஒரே கோட்டில் வந்து சேர்கின்றன.

செவிலியரை அரசே பதிவுசெய்யும் முறை இலண்டனில் பிறந்தது என்று பலர் எண்ணுவதுண்டு. இங்கிலாந்தில் அதற்கான சட்டம் 1919இல்தான் வந்தது; அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே, 1891இல், ஆப்பிரிக்காவின் தென்முனையில் இருந்த கேப் குடியேற்றம் செவிலியர் பதிவைச் சட்டமாக்கிவிட்டது. அந்த ஏட்டில் 1908ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் செசிலியா மக்கிவானே என்ற கறுப்பினப் பெண்ணின் பெயர் ஏறியது. லவ்டேல் என்னும் ஊரில் கிறித்தவச் சமயத் தொண்டர்கள் நடத்திய விக்டோரியா மருத்துவமனையில் பயின்றவர் அவர். ஆப்பிரிக்காவில் முறையாகப் பதிவுபெற்ற முதல் கறுப்பினச் செவிலியராக அவரே கருதப்படுகிறார். ஆயினும் கண்டத்தின் பிற பகுதிகளில், குறிப்பாக மேற்கு ஆப்பிரிக்கப் பிரித்தானியக் குடியேற்றங்களில், நிலைமை வேறாக இருந்தது.

அங்கே மருத்துவமனை வார்டை ஆண்டவர்கள் ஐரோப்பியச் சிஸ்டர்கள். ‘சிஸ்டர்’ என்பது இங்கே துறவியைக் குறிப்பதன்று. ஒரு வார்டு முழுவதற்கும் பொறுப்பான மூத்த செவிலியருக்குப் பிரித்தானிய மருத்துவமனை மரபு தந்த பதவிப் பெயர் அது. அவருக்கு மேலே மருத்துவமனைக்கே தலைமைச் செவிலியராக இருப்பவர் மேட்ரன். குடியேற்ற நாடுகளுக்கு வெள்ளைச் செவிலியரைத் தேர்ந்து அனுப்புவதற்கென்றே 1896இல் இலண்டனில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. அவர்களுக்குக் கீழே துடைப்பதும் தூக்குவதும் கட்டுப்போடுவதுமாக ஆப்பிரிக்க ஆண்களும் பெண்களும் வேலைசெய்தனர். இன்றைய கானாவின் தலைநகரான அக்ராவில் 1923இல் திறக்கப்பட்ட கோர்லே பூ போன்ற பெரிய மருத்துவமனைகளில் அவர்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டது. ஆனால் உள்ளூர்ப் பயிற்சியின் சான்றிதழைக் கொண்டு சிஸ்டராக முடியாது. சிஸ்டர் பதவிக்கு எஸ்.ஆர்.என். என்று சுருக்கி அழைக்கப்பட்ட ‘அரசுப் பதிவுபெற்ற செவிலியர்’ தகுதி வேண்டும். அத்தகுதிக்கு மூன்றாண்டு இங்கிலாந்தில் பயில வேண்டும். தன் ஊர் மருத்துவமனையில் தன் ஊர்ப் பெண்களுக்குத் தலைமைதாங்கிப் பணிசெய்ய ஓர் ஆப்பிரிக்கப் பெண் கப்பலேற வேண்டியிருந்தது என்பதுதான் இந்த இடப்பெயர்வின் முதல் காரணம். பிழைப்புக்காகப் போவது என்பதெல்லாம் வெகுகாலம் கழித்து வந்தது.

கப்பலேறுவது எளிதாக இருந்தாலும் மருத்துவமனைக் கதவு எளிதில் திறக்கவில்லை. 1930களில் இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பல, கறுப்பினப் பெண்களின் விண்ணப்பங்களை வெளிப்படையாகவோ சாக்குச் சொல்லியோ தள்ளின. நோயாளிகள் ஒப்பமாட்டார்கள் என்பதும், விடுதியில் மற்ற மாணவியர் ஒப்பமாட்டார்கள் என்பதும் வழக்கமான சாக்குகள். ஜமைக்காவில் பிறந்து இலண்டனில் மருத்துவராக இருந்த ஹரால்ட் மூடி 1931இல் தொடங்கிய ‘லீக் ஆஃப் கலர்ட் பீப்பிள்ஸ்’ என்ற கறுப்பினத்தவர் உரிமை அமைப்பு, எடுத்துக்கொண்ட முதல் விவகாரங்களுள் இந்தச் செவிலியர் பயிற்சி மறுப்பையும் ஒன்றாகக் கொண்டது.

அந்தக் கதவு சிலருக்குத் திறந்ததற்குக் குலம் ஒரு காரணமாக இருந்திருக்கிறது. நைஜீரியாவின் அபெயோகுட்டா நகரத்தை ஆண்ட அரசருக்கு அலக்கே என்பது பட்டம். அலக்கே இரண்டாம் லடாப்போ அடெமோலாவின் மகள் அடென்ரெலே 1935இல் இங்கிலாந்துக்கு வந்து, இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பயின்று 1941இல் பதிவேட்டில் இடம்பெற்றார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளாகியிருந்த நகரத்தில் ஒரு கறுப்பின இளவரசி வெள்ளை நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த காட்சி, பேரரசின் பரப்புரைக்கு வாய்ப்பாக அமைந்தது. குடியேற்ற நாடுகளில் காட்டுவதற்குப் படம் எடுத்த அரசுப் பிரிவு ‘நர்ஸ் அடெமோலா’ என்ற பெயரிலேயே ஒரு குறும்படம் எடுத்து, மேற்கு ஆப்பிரிக்காவில் திரையிட்டது. அப்படத்தின் பிரதி எதுவும் இன்று எஞ்சவில்லை. அவரைப் பார்த்து வந்தவர்கள் எஞ்சினார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். ஏனெனில் போருக்குப் பின் விண்ணப்பங்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தொடர்ந்து வரத் தொடங்கின.

அப்படி வந்தவர்களுள் வரலாறு விரிவாகப் பதிந்துவைத்திருப்பது கோஃபோவரோலா அபேனி பிராட் என்பவரை. 1915இல் நைஜீரியாவின் இலாகோஸில் வசதியான குடும்பத்தில் பிறந்த அவருக்குச் சிறுவயதிலிருந்தே செவிலியராக வேண்டும் என்பது ஆசை. தந்தைக்கு அதில் விருப்பமில்லாததால் ஆசிரியப் பயிற்சி பெற்று, பள்ளியில் பாடம் நடத்தினார். மருந்தாளரான கணவருடன் வாழ்ந்து குழந்தை பெற்ற பிறகு, முப்பது வயதைக் கடந்து, 1946இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நைட்டிங்கேல் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் நிறுவிய அப்பள்ளியில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவி அவரே. அவருடைய பயிற்சிக் காலத்திலேயே, 1948 ஜூலை 5 அன்று, நாட்டின் மருத்துவமனைகளுள் பெரும்பாலானவற்றை அரசின்கீழ்க் கொண்டுவந்து யாவருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவை, அதாவது என்.எச்.எஸ்., தொடங்கியது, அதனால் அச்சேவையில் பயின்று தகுதிபெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் என்ற பெயரும் அவருக்கு வந்தது. கறுப்புக் கை தன்மேல் படக் கூடாது என்று ஒரு நோயாளி அவருடைய பணிவிடையை மறுத்த நிகழ்வு அவரது வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. மகப்பேற்றுப் பயிற்சியும் வெப்பமண்டல நோய்ப் பயிற்சியும் முடித்து 1954இல் அவர் நாடு திரும்பினார். இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் அதுவரை வெள்ளையரே வகித்த மேட்ரன் பதவி பிறகு அவரிடம் வந்தது. அதன்பின் நைஜீரியக் கூட்டாட்சி அரசின் தலைமைச் செவிலிய அதிகாரியானார். 1973இல் செவிலியருக்கான உலகின் உயரிய விருதான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பதக்கமும் கிடைத்தது.

பிராட்டின் கதை ஒரு முழு வட்டம்: போனார், உயர்ந்த தாளைப் பெற்றார், திரும்பினார், அந்தத் தாளைக்கொண்டு ஆண்டார். அவருக்குப் பின் போன ஆயிரக்கணக்கானோருக்கு அந்த வட்டம் முழுமையடையாமல் போனதற்கு, 1943இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் பெரிதும் காரணம்.

போர்க்கால ஆள்பற்றாக்குறையைச் சமாளிப்பதற்காக இயற்றப்பட்ட அச்சட்டம், பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய ஏட்டைத் திறந்தது. மூன்றாண்டு பயின்று அரசுத் தேர்வு எழுதியவர் பதிவேட்டில் இடம்பெற்று எஸ்.ஆர்.என். ஆவார், இரண்டாண்டு செய்முறைப் பயிற்சி மட்டும் பெற்றவர் சிறிய ஏட்டில் இடம்பெற்று, பின்னாளில் எஸ்.ஈ.என். என்று வழங்கிய ‘பட்டியலிட்ட செவிலியர்’ ஆவார். முன்னவர் சிஸ்டராகலாம், மேட்ரனாகலாம். பின்னவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் மேலே ஏற வழியில்லை. தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய பின் ஆள் தேவை பெருகவே, சுகாதார அமைச்சும் குடியேற்ற அமைச்சும் சேர்ந்து வெளிநாட்டுத் தேர்வை முடுக்கிவிட்டன. 1955 வாக்கில் பதினாறு குடியேற்ற நாடுகளிலும் முன்னாள் குடியேற்ற நாடுகளிலும் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் அரசு ஏற்பாடு நடைபெற்றது. கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களே மிகுதி. அவர்களுக்கு அடுத்து நைஜீரியா, கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானா, சியரா லியோன் ஆகியவற்றிலிருந்து வந்தவர்களும் இருந்தனர்.

இரண்டு ஏடுகளின் வேறுபாடு இலாகோஸிலோ அக்ராவிலோ விண்ணப்பம் நிரப்பிய பெண்ணுக்குப் பெரும்பாலும் விளக்கிச் சொல்லப்படவில்லை. செவிலியர் பயிற்சி என்று கேட்டு வந்தார்கள்; வந்து இறங்கியபின் எந்த ஏட்டுக்கான பயிற்சியில் போடப்பட்டோம் என்பது பலருக்கு உடுப்பைப் பார்த்த பிறகே உறைத்தது. பல மருத்துவமனைகளில் பதிவேட்டுச் செவிலியருக்கு நீலச் சீருடை, பட்டியலிட்ட செவிலியருக்குப் பச்சை. நீலத்தின்மேல் இடுப்பில் வெள்ளிக் கொக்கி போட்ட பட்டை. பள்ளி இறுதித் தேர்வில் எஸ்.ஆர்.என். பயிற்சிக்குப் போதிய தகுதி பெற்றிருந்த கறுப்பினப் பெண்களையும் பச்சைப் பக்கம் தள்ளியது அக்காலத்தில் பரவலாக நடந்த செயல் என்பதற்கு அவர்களுடைய வாய்மொழி வரலாறுகள் நிறையச் சான்று தருகின்றன. அவர்கள் தள்ளப்பட்ட இடங்களும் தெரிந்தவைதாம்: முதியோர் வார்டுகள், மனநல மருத்துவமனைகள், அறிவுவளர்ச்சி குன்றியோருக்கான இல்லங்கள், இரவுப் பணிகள். வெள்ளைப் பெண்கள் விரும்பி வராத வேலைகளாக இருந்ததால்தான் வெளிநாட்டில் ஆள் தேட வேண்டியிருந்தது என்பதை நினைவில் கொண்டால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இதனினும் பெரிய அடி, திரும்பும்போது விழுந்தது. பட்டியலிட்ட செவிலியர் தகுதி பிரித்தானியாவின் உள்நாட்டு ஏற்பாடு; பிறந்த நாட்டின் பதிவேடு அதைச் செவிலியர் தகுதியாக ஏற்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘பீன்-டூ’ என்று ஒரு சொல் உண்டு. வெளிநாடு போய் வந்தவர் என்பது அதன் பொருள், அதனுள் மதிப்பும் பொறாமையும் மெல்லிய கேலியும் கலந்திருக்கும். பீன்-டூவாக ஊர் திரும்பி, சொந்த நாட்டு மருத்துவமனையில் உதவியாளாக மட்டுமே சேர முடியும் என்றால், ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டாண்டு என்று வந்தவர்கள், எஸ்.ஆர்.என். படிப்பையும் முடித்துவிட்டே போவது என்று இன்னும் சில ஆண்டுகள் தங்கினார்கள். அதற்குள் திருமணமும் குழந்தைகளும் வந்து, தங்குதல் குடியேற்றமாக இறுகியது.

மாணவச் செவிலியருக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை, பயிற்சிப்படி மட்டும் உண்டு. அதிலும் விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம் போக மிஞ்சியதுதான் கையில். செவிலியர் விடுதியில் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. கணவனும் சட்டமோ கணக்கியலோ படித்துக்கொண்டிருந்த குடும்பங்களில், மனைவி இரவுப் பணி பார்க்க, குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அக்காலத்து நைஜீரிய, கானா நாட்டுப் பெற்றோர் கண்ட விடை இன்று படிப்பவரைத் திகைக்கவைக்கும். ‘நர்சரி வேர்ல்டு’ என்ற இதழில் விளம்பரம் கொடுத்து, கென்ட், சசெக்ஸ் போன்ற மாவட்டங்களின் சிற்றூர்களில் வாழ்ந்த வெள்ளைக் குடும்பங்களிடம், வாரத்துக்கு இன்ன தொகை என்று பேசி, பிள்ளைகளை வளர்க்கக் கொடுத்தார்கள். அரசின் பங்கு இன்றி இரு தரப்பும் தாமே பேசி முடித்த ஏற்பாடு இது. 1950களின் நடுவில் தொடங்கி ஆயிரக்கணக்கான மேற்கு ஆப்பிரிக்கக் குழந்தைகள் இவ்வாறு வளர்ந்தனர். பேச்சுவழக்கில் இதற்கு ‘ஃபார்மிங்’, அதாவது பயிர்வைப்பு, என்று பெயர். உறவினர் வீட்டில் பிள்ளையை விட்டு வளர்ப்பது யொரூபா, அக்கான் மக்களிடையே பழங்காலத்திலிருந்தே உள்ள வழக்கம் ஆதலால், பெற்றோர் இதைக் கைவிடுதலாக எண்ணவில்லை; வளர்ந்த பிள்ளைகளுள் பலர் அப்படித்தான் எண்ணினார்கள். ஞாயிற்றுக்கிழமை இரயிலேறிப் பிள்ளையைப் பார்க்கப்போன தாய்க்கு அப்பிள்ளை பேசும் மொழி புரிந்தது. தாயின் மொழி பிள்ளைக்குப் புரியவில்லை. பிறர் பிள்ளைகளையும் முதியவர்களையும் பேணிச் சம்பாதித்த பணத்தில் தன் பிள்ளையைப் பேண வேறொருத்திக்குக் கூலி கொடுத்த இந்த ஏற்பாட்டைப் பற்றி, மருத்துவமனை வரலாறுகளில் அரிதாகவே ஒரு வரி காணக்கிடைக்கிறது.

இதே காலத்தில், பிரித்தானியாவை நோக்காமல் கண்டத்துக்குள்ளேயே நடந்த ஒரு செவிலியர் பயணத்தை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியான டங்கனிக்கா 1961 டிசம்பர் 9 அன்று விடுதலை பெற்றபோது, வார்டுகளை நடத்திய பிரித்தானியச் செவிலியர் பெரும் எண்ணிக்கையில் வெளியேறினர். அதன் பிரதமர் ஜூலியஸ் நைரேரேயின் அரசு, தென்னாப்பிரிக்காவின் விடுதலை இயக்கமான ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசிடம் உதவி கேட்டது. அவ்வியக்கத் தலைவர்களுள் ஒருவரான ஆலிவர் டாம்போ வழியாக, தென்னாப்பிரிக்காவில் பதிவுபெற்ற கறுப்பினச் செவிலியர் இருபது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, இன்றைய போட்ஸ்வானாவான பெச்சுவானாலாந்து வழியே சிறுசிறு குழுக்களாக எல்லை கடந்து டங்கனிக்காவின் தலைநகர் தார் எஸ் சலாமுக்குச் சென்றனர். அவர்கள் விட்டுவந்த நாட்டில் 1957இல் வந்த சட்டம் செவிலியர் பதிவையே இனவாரியாகப் பிரித்திருந்தது. மக்கிவானேயின் பெயர் வெள்ளையர் பெயர்களோடு ஒரே ஏட்டில் இருந்ததற்கு ஐம்பதாண்டுக்குப் பின் நடந்த பின்னடைவு அது. பன்னாட்டுச் செவிலியர் மன்றத்திலிருந்து தென்னாப்பிரிக்கச் சங்கம் 1973இல் விலக நேர்ந்ததும் இந்த இனப் பிரிவினையின் விளைவுதான். தார் எஸ் சலாம் சென்ற இருபது பேருக்கும் முப்பதாண்டுக்காலம் திரும்பும் வழி அடைபட்டுப்போயிற்று. மருத்துவமனையில் பணிசெய்துகொண்டே, எல்லை தாண்டி வந்த விடுதலைப் போராளிகளுக்குத் தங்கள் வீடுகளில் இடமும் உணவும் தந்தவர்கள் அவர்கள். கூலிக்காகவோ தகுதிக்காகவோ அல்லாமல், கேட்ட நாட்டுக்குக் கொடுப்பதற்காகவே நடந்த செவிலியர் பயணம் என்ற வகையில் இதற்கு இணை சொல்வது கடினம்.

1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் திரும்பியவர்கள் கணிசமாக இருந்தனர். விடுதலை பெற்ற நாடுகளில் பதவிகள் காத்திருந்தன; கானாவில் டோசியா கிஸ்ஸே முதல் உள்நாட்டுத் தலைமைச் செவிலிய அதிகாரியானார்; செவிலியர் கல்லூரிகள் பெருகின. பிரித்தானியாவோ 1962, 1971 ஆகிய ஆண்டுகளின் குடிவரவுச் சட்டங்களால் கதவை ஒருக்களித்துச் சாத்தியது. திரும்பியோடிய இந்த ஓட்டம் நின்றதற்குக் காரணம் கடன். 1980களில் பன்னாட்டு நிதியத்திடமும் உலக வங்கியிடமும் கடன் பெற்ற நாடுகள் ‘கட்டமைப்புச் சீரமைப்பு’ என்ற பெயரில் அரசுச் செலவைக் குறைக்க ஒப்புக்கொண்டன. கானா 1983இலும் சிம்பாப்வே 1991இலும் அப்பாதையில் இறங்கின. ஆள் எடுப்பது நின்றது, நாணயத்தின் மதிப்பு சரிந்தது, சம்பளம் கரைந்தது, நோயாளியே பஞ்சும் ஊசியும் வாங்கிவர வேண்டிய நிலை வந்தது. கானாவில் இதற்கு மக்கள் வைத்த பெயர் ‘கேஷ் அண்ட் கேரி’. அதன்மேல் எச்.ஐ.வி. தொற்று வந்து விழுந்தது. தெற்கு ஆப்பிரிக்க வார்டுகளில் ஒரு கட்டிலில் ஒருவர், தரையில் ஒருவர் என்று நோயாளிகள் கிடக்க, கையுறை இல்லாமல் வேலைசெய்த செவிலியரும் நோயுற்று இறந்தனர். 1990களின் முடிவில் புறப்பட்டவர்கள் தாளைத் தேடிப் போகவில்லை. பதிவுபெற்ற செவிலியர்களாக, பத்தும் இருபதும் ஆண்டு அனுபவத்தோடு, தாளைக் கையில் வைத்துக்கொண்டே போனார்கள்.

அப்போது பிரித்தானியா கதவை அகலத் திறந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான என்.எச்.எஸ். திட்டம், 2004க்குள் 20,000 செவிலியரைக் கூடுதலாகச் சேர்ப்பதாக அறிவித்தது. ஒரு செவிலியரை உருவாக்க மூன்றாண்டு வேண்டும். தேர்தலோ அதற்குமுன் வந்துவிடும். ஆகவே ஆளை வெளிநாட்டில் தேடினார்கள். 1998-99இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 599 பேரும் சிம்பாப்வேயிலிருந்து 52 பேரும் பிரித்தானியப் பதிவேட்டில் புதிதாக ஏறினர். 2001-02இல் அந்த எண்ணிக்கைகள் 2,114, 473 என்று உயர்ந்தன. தென்னாப்பிரிக்கச் செவிலியரை இழுக்காதீர்கள் என்று நெல்சன் மண்டேலா 1997இலேயே வேண்டியிருந்தார். 1999இல் ஒரு வழிகாட்டுதலும், 2001இல் வளரும் நாடுகளிலிருந்து திட்டமிட்டு ஆள் எடுக்கலாகாது என்ற நெறிமுறைத் தொகுப்பும் வந்தன. அத்தொகுப்பு அரசு மருத்துவமனைகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆகவே தனியார் முதியோர் இல்லம் ஒன்று ஆப்பிரிக்காவில் ஆள் எடுக்கும். சில மாதம் கழித்து அதே செவிலியர், பிரித்தானியாவுக்குள் ஏற்கெனவே இருப்பவர் என்ற கணக்கில், அரசு மருத்துவமனையில் சேர்வார். நெறிமுறை மீறப்படவில்லை, ஆளும் கிடைத்தாயிற்று.

கையில் தாளோடு வந்தவர்களுக்குப் பிரித்தானியப் பதிவேடு வைத்த நிபந்தனை, ‘அடாப்டேஷன்’ எனப்பட்ட கண்காணிப்புப் பணிக்காலம். மூன்று மாதத்துக்குக் குறையாமல், பிரித்தானியச் செவிலியர் ஒருவரின் மேற்பார்வையில் வேலைசெய்து அவரிடம் கையொப்பம் பெற வேண்டும். அதுவரை அவர் செவிலியர் அல்லர். இந்தக் காலம் பெரும்பாலும் முதியோர் இல்லங்களில் கழிந்தது. காலை ஏழரை மணிக்கு ஒவ்வோர் அறையாகச் சென்று, முதியவரைத் தூக்கி உட்காரவைத்து, பெட்பேன் எடுத்து, துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டி, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது. பிறகு அடுத்த அறை. சிம்பாப்வேயின் ஹராரேயிலோ கானாவின் குமாசியிலோ இவ்வேலைகளில் பெரும்பகுதியை நோயாளியின் தாயோ சகோதரியோ கட்டிலருகில் இருந்து செய்வார்கள். செவிலியர் ஊசி போடுவார், தையல் போடுவார், சிரையில் குழாய் ஏற்றுவார், மருத்துவர் இல்லாத இரவில் பிரசவமும் பார்ப்பார். இங்கே அவை அனைத்தும் அவருக்குத் தடைசெய்யப்பட்டிருந்தன. செய்யலாம் என்று எழுதிய பிரித்தானியச் சான்றிதழ் அவரிடம் இல்லை. சில இல்லங்கள் கையொப்பத்தைத் தள்ளிக்கொண்டே போய், செவிலியரை உதவியாள் கூலிக்கு வைத்திருந்ததும், பணிக்காலம் தருவதற்கே அவர்களிடம் பணம் கேட்டதும் அக்கால ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. பிரித்தானியச் செவிலியர் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்குக்காக நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வின் தலைப்பு, ‘எங்களுக்கு மரியாதை தேவை’ என்பது.

சிம்பாப்வேயினர் இந்த நிலைக்கு ஒரு பெயர் கண்டுபிடித்தனர். இலண்டனில் எங்கே வேலை என்று ஊரில் கேட்டால் ‘பிபிசி’யில் என்பார்கள், வானொலி நிறுவனத்தின் முதலெழுத்துகளைக்கொண்டு ‘பிரிட்டிஷ் பாட்டம் கிளீனர்ஸ்’, அதாவது பிரித்தானியரின் பின்புறம் கழுவுவோர், என்று விரித்துக்கொண்டது அவர்களுடைய நகைச்சுவை. ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் இந்த ‘பிபிசி’யில் சேர்ந்ததால், வர்க்க வேறுபாடே அச்சொல்லில் கரைந்துபோயிற்று எனலாம். 2002 நவம்பரில் சிம்பாப்வேயினருக்கு விசா கட்டாயமானபின் வருகை குறைந்தது. வந்தவர்கள் திரும்ப முடியாமல் ஆனது. 2008இன் இறுதியில் ஹராரேயின் பெரிய அரசு மருத்துவமனைகள் ஏறக்குறைய மூடப்பட்ட நிலையில் வாந்திபேதி பரவி, 4,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்நாட்டில் பயின்ற செவிலியர் பலர் இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களில் இருந்தார்கள்.

குழந்தைப் பிரச்சினை இம்முறை தலைகீழாக வந்தது. 1960களின் தாய் பிள்ளையைக் கென்ட்டில் விட்டாள். 2000களின் தாய் சிம்பாப்வேயின் புலவாயோவில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தாள். பள்ளிக் கட்டணம் மாதந்தோறும் போயிற்று; பிள்ளைகள் வளர்வது தொலைபேசிக் குரலின் மாற்றத்தில்தான் தெரிந்தது.

2006 ஜூலையில் பிரித்தானியா, உள்நாட்டில் செவிலியர் போதுமான அளவு தேறிவிட்டதாகக் கருதி, தொடக்கநிலைச் செவிலியர் வேலைகளை ஆள்பற்றாக்குறைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கதவு மறுபடி சாத்தப்பட்டது. எதிர்ப்பக்கத்தில் சில அரசுகள் தடுப்பணை கட்டவும் முயன்றன: மலாவி 2000களின் நடுவில் பிரித்தானிய உதவிப் பணத்தைக்கொண்டே மருத்துவப் பணியாளர் சம்பளத்தை 52 விழுக்காடு உயர்த்தியது. செவிலியரை இழுத்த நாடே அவர்கள் போகாதிருக்கவும் பணம் கொடுத்தது என்பது இந்த வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. 2010இல் உலகச் சுகாதார நிறுவனம், பற்றாக்குறை மிகுந்த நாடுகளிலிருந்து ஆள் எடுப்பதைத் தவிர்க்கக் கோரும் உலக நெறித்தொகுப்பை ஏற்றது. 2023இல் அது வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலில் உள்ள 55 நாடுகளுள் 37 அதன் ஆப்பிரிக்க மண்டலத்தைச் சேர்ந்தவை. தானாக விண்ணப்பிப்பவரை எந்தத் தொகுப்பும் தடுப்பதில்லை.

அடாப்டேஷன் முறையின் இடத்தில் 2014 அக்டோபரில் தேர்வு வந்தது. முதற்பகுதி கணினியில், பிறந்த நாட்டிலேயே எழுதுவது. இரண்டாம் பகுதி, தொடக்கத்தில் நார்தாம்ப்டனில் மட்டும் நடந்த செய்முறைத் தேர்வு. அதில் செவிலியர் பொம்மை நோயாளியின் முன் நின்று, கை கழுவி, மணிக்கட்டுப் பட்டையில் உள்ள பெயரையும் பிறந்த நாளையும் உரக்கச் சரிபார்த்து, மருந்து கொடுக்க வேண்டும்; தேர்வாளர் பட்டியலில் குறிபோடுவார். இருபது ஆண்டு வார்டு நடத்தியவருக்கும் அதே பொம்மைதான். கொரோனாவுக்குப் பின் நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் சிம்பாப்வேயிலிருந்தும் வந்த அலை முந்தைய எல்லா அலைகளையும் விடப் பெரிது. நைஜீரியாவில் இதற்கு ‘ஜாப்பா’ என்று பெயர். தப்பித்து ஓடு என்பது அந்த யொரூபாச் சொல்லின் பொருள். போன திசை பிரித்தானியா மட்டுமன்று: 2020 ஜூலையில் 95 கானாச் செவிலியர் இரு அரசுகளின் ஒப்பந்தப்படி பார்பேடோஸ் தீவில் சென்று இறங்கினார்கள். 1950களில் தன் பெண்களைப் பிரித்தானிய வார்டுகளுக்கு அனுப்பிய தீவு அது.

2023இல் பிரித்தானியப் பதிவேட்டை நடத்தும் மன்றம், இபாதானில் இருந்த ஒரு கணினித் தேர்வு மையத்தின் முடிவுகளில் ஐயம் எழுப்பியது. தேர்வு நேரங்கள் நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தன என்பது காரணம். ஏற்கெனவே பதிவேட்டில் ஏறி வார்டுகளில் வேலைபார்த்துக்கொண்டிருந்த ஐந்நூறு பேர் அளவில் உள்ளவர்களும், காத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும், நேர்மையாக எழுதியவர் யார், ஏமாற்றியவர் யார் என்று பிரித்தறிய வழியின்றி, மீண்டும் தேர்வெழுதும்படி கேட்கப்பட்டனர். மேட்ரன் பதவியில் பிராட் அமர்ந்த நகரம் அது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கட்டுப்பாடு மறுகரையிலிருந்து வந்தது: வெளிநாடு செல்ல விரும்பும் செவிலியர், தகுதிபெற்று இரண்டாண்டாவது நாட்டுக்குள் பணிசெய்திருந்தால்தான் சரிபார்ப்புக் கடிதம் தரப்படும் என்று நைஜீரியச் செவிலியர் மன்றம் அறிவித்தது, செவிலியர் அபுஜாவிலும் இலாகோஸிலும் அதன் அலுவலக வாயில்களில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அக்கடிதம், இன்னார் எங்கள் பதிவேட்டில் நற்பெயருடன் உள்ளார் என்று ஒரு நாட்டின் மன்றம் மற்றொரு நாட்டின் மன்றத்துக்கு எழுதுவது. கட்டணம் செவிலியருடையது, கடிதம் மன்றத்திலிருந்து மன்றத்துக்கு நேரே போகும், அவர் கைக்கு வருவதில்லை.